வெயிட்டிங் லிஸ்ட் சினிமாக்கள்

வருஷா வருஷம் ஜனவரியில் எனக்கு ஒரு காய்ச்சல் வரும். பனிக்காலக் காய்ச்சல் இல்லைங்க. நெதர்லாந்தில் ரோட்டர்டாம்னு ஒரு ஊர், அங்கே ஜனவரி கடைசியில் ஒரு திரைப்பட விழா. எந்தெந்தப் படம் தேர்வாகியிருக்குன்னு பட்டியல் வந்ததும் உட்கார்ந்து 'தமிழ்' என்ற வார்த்தையைத் தேடுவேன். ஒரு படம் சிக்கினாலும் போதும், அன்னைக்கு ஆபீஸில் எனக்கு வேலை ஓடாது. அடுத்து பிப்ரவரியில் பெர்லின், மே மாதம் கான், செப்டம்பரில் வெனிஸும் டொராண்டோவும். இந்த ஊர்களில் ஒன்றுக்கும் நான் போனதில்லை, போகப்போவதும் இல்லை. கோயம்புத்தூரில் கணக்கு எழுதுகிற ஆளுக்கு இதெல்லாம் தேவையா என்று வீட்டம்மா கேட்பது நியாயமான கேள்விதான்.

இதற்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். மூணு காலம். முதல் காலத்தில் படத்தின் பெயர், இரண்டாவதில் எந்த விழாவில் எப்போது திரையிட்டார்கள், மூன்றாவதில் நான் பார்த்த தேதி. பழைய பக்கங்களைப் புரட்டினால் மூன்றாவது காலம் அங்கங்கே பொக்கைவாய் மாதிரி கிடக்கும்.

இந்தக் கிறுக்கு எங்கே ஆரம்பித்தது என்றால், தூர்தர்ஷனில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாநில மொழிப் படம் போடுவார்களே, ஞாபகம் இருக்கா? ஒவ்வொரு வாரமும் ஒரு மொழி. தமிழ் எப்போ வரும்னு காத்துக்கிட்டே கிடப்போம். வந்தால் அது பாட்டு, ஃபைட்டு எதுவும் இல்லாத படமாக இருக்கும். எங்க வீட்டில் அதற்குப் பெயர் 'அவார்டு படம்'. அது பாராட்டு இல்லை, வசவு. "ஏன் உம்முனு இருக்கே, அவார்டு படம் மாதிரி" என்பார் அப்பா. டைட்டில் ஓடி முடிவதற்குள் குறட்டை விட்டுவிடுவார். பாலுமகேந்திராவின் 'வீடு' போட்ட அன்று மட்டும் அவர் தூங்கவில்லை. அப்போது எங்கள் வீடு லிண்டல் மட்டத்தோடு நின்று போயிருந்தது, சிமெண்ட் வாங்கக் காசில்லாமல். படம் முடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு எங்கேயோ கிளம்பிப் போனார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. சரி, அது வேற கதை.

விஷயத்துக்கு வர்றேன்.

காத்திருப்பது சுகம்தான், பொய் சொல்லக் கூடாது. 'ஆரண்ய காண்டம்' 2010 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த தெற்காசியத் திரைப்பட விழாவில் பரிசு வாங்கியது. இங்கே சென்சாரில் 52 வெட்டு கேட்டார்கள். தீர்ப்பாயம் வரை போய்ப் போராடி 2011 ஜூனில்தான் தியேட்டருக்கு வந்தது. அந்த எட்டு மாதம் நாங்கள் பேசாத பேச்சு இல்லை. ஜாக்கி ஷெராஃப் தமிழில் எப்படி இருப்பார், யுவன் பின்னணி இசை எப்படி இருக்கும், வெட்டச் சொன்ன அந்த 52 இடத்தில் அப்படி என்னதான் இருக்கு... பார்க்காத படத்துக்கு விமர்சனம் எழுதாததுதான் குறை. படம் வந்தது. தியேட்டரில் ஈ ஓட்டியது. அறிமுக இயக்குநருக்கும் எடிட்டிங்குக்கும் தேசிய விருது கிடைத்த பிறகு "மரண மாஸ் மச்சி" என்று பேசிய பாதிப் பேர் அதை எந்தத் தியேட்டரில் பார்த்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பென் டிரைவில் என்பார்கள்.

நான் மட்டும் ஒழுங்கான்னு கேட்காதீங்க, நானே சொல்லிடறேன். செழியனின் 'டூ லெட்' தமிழில் சிறந்த படம் என்று தேசிய விருது வாங்கியது 2018 ஏப்ரலில். அப்பவே நோட்டில் எழுதியாச்சு. 2007 வாக்கில், ஐ.டி. சம்பளம் வந்து சென்னையில் வாடகை எகிறிய நேரத்தில், ஒரு குடும்பம் வாடகைக்கு வீடு தேடி அலைகிற கதை. பத்து மாதம் காத்திருந்தேன். 2019 பிப்ரவரியில் ரிலீஸ். எனக்கு இயர் எண்டிங் நெருங்கும் நேரம். 'அடுத்த வாரம் பார்த்துக்கலாம்' என்றேன். அடுத்த வாரம் எங்க ஏரியாவில் படம் இல்லை. அதுக்கு முந்தின வருஷம் ஆகஸ்டில் வந்த லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை'யை எப்படியோ பிடித்தேன், காலை 11 மணிக் காட்சி, அரை நாள் லீவு போட்டு. தேனிப் பக்கத்து மலைப் பாதையில் ஏலக்காய் மூட்டை சுமக்கிறவனின் கதையை அவனை மாதிரி ஆட்கள் பார்க்கவே முடியாத நேரத்தில் போடுகிறார்கள். 11 மணிக்கு யாருங்க சும்மா இருப்பா? காலேஜ் கட் அடிக்கிற பசங்களும் என்னை மாதிரி கிறுக்கனும்தான்.

எல்லாவற்றிலும் பெரிய காத்திருப்பு 'கூழாங்கல்'. 2021 பிப்ரவரியில் ரோட்டர்டாமில் டைகர் விருது. தமிழுக்கு அதுதான் முதல் தடவை. எடுத்தவர் பி.எஸ். வினோத்ராஜ். சின்ன வயசில் மதுரைப் பூ மார்க்கெட்டிலும், அப்புறம் சென்னையில் ஒரு டிவிடி கடையிலும் வேலை பார்த்தவர். (டிவிடி கடை! நாமெல்லாம் உலக சினிமாவை எங்கே கற்றுக்கொண்டோமோ அதே பள்ளிக்கூடம்.) அந்த வருஷமே இந்தியா சார்பில் ஆஸ்கருக்கும் அனுப்பினார்கள். நான் தியேட்டருக்குக் காத்திருந்தேன், காத்திருந்தேன், காத்துக்கிட்டே இருந்தேன். 2023 அக்டோபர் 27 அன்று சோனி லிவ்வில் வந்தது. ரெண்டே முக்கால் வருஷம்.

அதை எப்படிப் பார்த்தேன் தெரியுமா? சேரன் எக்ஸ்பிரஸில், அப்பர் பெர்த்தில், ஆறு இன்ச் போனில். மேலூர்ப் பக்கத்து வெயிலில் ஒரு அப்பனும் மகனும் பொட்டல் காட்டில் நடக்கிற படம். அந்த வெயிலையும் காலடிச் சத்தத்தையும் காட்டத்தான் அந்த மனுஷன் அவ்வளவு மெனக்கெட்டிருக்கார். நான் ஏ.சி. கோச்சில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பார்க்கிறேன். திருப்பூரில் ஒரு தடவை சிக்னல் போச்சு, ஈரோட்டில் ஒரு தடவை டி.டி.ஆர். எழுப்பினார். எழுபத்தஞ்சு நிமிஷப் படத்தை சேலம் தாண்டி முடித்தேன். மூன்றாவது காலத்தில் தேதி எழுதும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

இன்னொரு பெயரையும் சொல்லணும். அருண் கார்த்திக்கின் 'நசீர்', திலீப் குமாரின் சிறுகதையிலிருந்து எடுத்தது. எங்க கோயம்புத்தூரில், ஒரு துணிக்கடை சேல்ஸ்மேனின் ஒரு நாள். 2020ல் ரோட்டர்டாமில் நெட்பேக் விருது. அந்த வருஷமே கொரோனா சமயத்தில் நடந்த இணையத் திரைப்பட விழாவில் யூடியூப்பில் கொஞ்ச நேரம் மட்டும் திறந்து வைத்தார்கள். நான் தினம் வண்டி ஓட்டுகிற ஊர் வழியே அந்த சேல்ஸ்மேன் நடந்து போகிறார். அவரை என் ஊரிலேயே, என் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பார்க்கிற பாக்கியம் எனக்கு இல்லை.

அதனால் வினோத்ராஜின் அடுத்த படம் 'கொட்டுக்காளி' 2024 பிப்ரவரியில் பெர்லின் போனதும் ஒரு சபதம் போட்டேன். இது என்ன ஆனாலும் தியேட்டரில்தான்.

ஆறே மாதத்தில், ஆகஸ்ட் 23ல் வந்துவிட்டது. தயாரிப்பு சிவகார்த்திகேயன், நாயகன் சூரி. 'விடுதலை', 'கருடன்' என்று அவர் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்த நேரம். இந்தப் படத்தில் பின்னணி இசையே இல்லை என்பதும் கிளைமாக்ஸ் என்று ஒன்று தனியாக இருக்காது என்பதும் டிக்கெட் எடுத்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதே நாளில் மாரி செல்வராஜின் 'வாழை'யும் ரிலீஸ். பாவம்.

சனிக்கிழமை மேட்னி. என் மச்சினன் அன்று லோடு இறக்க ஊரிலிருந்து வந்திருந்தான். உசிலம்பட்டிப் பக்கம், சொந்தமாக ஒரு லோடு வண்டி. "சூரி படம் மாப்ள, வர்றியா?" என்றேன். சத்தியமாக அவ்வளவுதான் சொன்னேன். பெர்லின், கிர்லின் எல்லாம் மூச்சு விடவில்லை. "காமெடியா இருக்குமா மாமா?" என்று கேட்டான். "இருக்கும் இருக்கும்" என்று தள்ளிக்கொண்டு போனேன். இந்தப் பாவம் எனக்குத்தான்.

(இனிமேல் கதை கொஞ்சம் வரும். பார்க்காதவர்கள் ஒரு பத்தியைத் தாண்டிடுங்க.)

வேற சாதிப் பையனை விரும்பிய மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது, யாரோ வசியம் வைத்துவிட்டார்கள் என்று சொல்லி, அவளுக்குப் பேசி வைத்திருக்கும் பாண்டியும் சொந்தக்காரர்களும் ஒரு ஷேர் ஆட்டோவிலும் பைக்குகளிலும் சாமியாடி ஒருத்தரிடம் கூட்டிக்கொண்டு போகிறார்கள். பலி கொடுக்க ஒரு சேவல். அன்னா பென் படம் முழுக்க வாயைத் திறப்பதே அபூர்வம். அவ்வளவுதான் கதை. போய்ச் சேர்ந்த இடத்தில் பாண்டி ஒன்றைப் பார்க்கிறான், திகைத்து நிற்கிறான், படம் முடிந்துவிடுகிறது. அதுக்கு மேல் என்ன என்பதை நம்ம கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

தியேட்டரில் மொத்தம் முப்பது பேர் இருப்போம். லைட் போட்டதும் பின்னாலிருந்து ஒருத்தன், "யோவ் ஆபரேட்டரு, மீதி ரீலை எங்கய்யா?" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். திரும்பிப் பார்த்தால் மச்சினன் சிரிக்கவில்லை.

பரோட்டா கடைக்குப் போகிற வரை பேசவில்லை. ரெண்டு பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுவிட்டு சால்னாவை ஊற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். அப்புறம் சொன்னான்:

"எங்க பெரியப்பா மகள இப்பிடித்தான் மாமா கூட்டிட்டுப் போனோம்."

"எங்கடா?"

"அது ஒரு கோயிலு. வேப்பில அடிப்பாய்ங்க. எங்க வண்டியிலதான். ஓட்டுனது நாந்தேன்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அப்புறம் என்னடா ஆச்சு என்றேன்.

"அப்புறம் என்ன, கலியாணம் ஆச்சு. நீங்கதான் அக்காவோட வந்துருந்தீகள்ல."

வந்திருந்தேன். மொய் எழுதி, பந்தியில் உட்கார்ந்து ரெண்டாவது தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன். போட்டோவில்கூட இருப்பேன். அந்தப் பெண் மேடையில் குனிந்த தலை நிமிராமல் இருந்ததைப் பார்த்து, "இந்தக் காலத்திலும் இவ்வளவு அடக்கமா!" என்று என் மனைவியிடம் சொன்னவன் சாட்சாத் நான்தான்.

(ஊரையும் உறவுமுறையையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

இப்போ எதுக்கு இதையெல்லாம் சொல்றேன்னா, அந்தப் படம் வந்த சமயத்தில் ஒரு சர்ச்சை ஓடியது. இந்த மாதிரி விழாப் படத்தைத் தியேட்டரில் கொண்டுவந்து கமர்ஷியல் படங்களோடு மோத விட்டிருக்க வேண்டாம், தான் தயாரிப்பாளராக இருந்தால் ஓடிடிக்குக் கொடுத்திருப்பேன் என்கிற மாதிரி இயக்குநர் அமீர் பேசினார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. 'பருத்திவீரன்' எடுத்த மனுஷன், அதுவும் பெர்லின் போன படம்தான். நல்ல படம் இப்படி அடிபடுதே என்ற ஆதங்கம். நிறையப் பேர் அதற்குத் தலையாட்டினார்கள். காசு போடுகிறவர் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு சரியாகத்தான் வரும், நானே கணக்கு எழுதுகிறவன்தானே.

ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. அந்தப் படம் ஓடிடிக்கு மட்டும் போயிருந்தால் யார் பார்த்திருப்பார்கள்? நான் பார்த்திருப்பேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாம் ஏற்கனவே மீனா பக்கம் நிற்கிற ஆட்கள், நமக்குப் புதுசாக என்ன ஆகப்போகிறது? ஒரு பதிவு எழுதுவோம், 'ஒளிப்பதிவு அபாரம்' என்போம். என் மச்சினன் வாழ்நாளில் அதைத் தேடி அமுக்கியிருக்க மாட்டான். தப்பித்தவறி அமுக்கினாலும் பத்தாவது நிமிஷத்தில் என்னடா ஆட்டோ போய்க்கிட்டே இருக்கு என்று மாற்றியிருப்பான். தியேட்டரில் மாற்ற முடியாது. கதவைச் சாத்திவிட்டார்கள், இருட்டு, 190 ரூபாய் மாமா காசு, பக்கத்தில் மாமா. உட்கார்ந்துதான் ஆகணும். அப்படி உட்கார்ந்ததால்தான் அந்த ஆட்டோவின் ஸ்டியரிங்கில் தன் கையை அவன் பார்த்தான். இந்தப் படம் யாருக்கான படமோ அவன் வேறு எப்படியும் அதைப் பார்த்திருக்க வழியில்லை.

சரி, படம் என்ன ஆச்சு? செவ்வாய்க்கிழமை அந்தத் தியேட்டரில் கொட்டுக்காளி இல்லை. அடுத்த மாதமே பிரைமில் வந்துவிட்டது.

எங்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது, பதினாலு பேர். எல்லோரும் பழைய டிவிடி காலத்து ஆட்கள், கிம் கி டுக்கை உறவுக்காரர் மாதிரி பேசுகிறவர்கள். பெர்லின் செய்தி வந்த அன்று பதினாலு பேரும் 'வெயிட்டிங்' போட்டவர்கள். அந்த முதல் மூணு நாளில் தியேட்டரில் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். மூணு பேர், என்னையும் சேர்த்து. ஒருத்தருக்குக் குழந்தைக்குக் காய்ச்சல், நியாயம். ஒருத்தர் 'வாழை' டிக்கெட் எடுத்துவிட்டார், அதுவும் நியாயம். மீதிப் பேர் சொன்ன பதில் ஒன்றேதான்: "ஓடிடில வரும்ல, நிதானமா பார்க்கணும்". நிதானமாக! டூ லெட்டுக்கு நான் சொன்ன அதே 'அடுத்த வாரம்'தான் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

முன்னெல்லாம் நம்ம புலம்பல் 'எப்பங்க ரிலீஸ் பண்ணுவீங்க' என்பது. இப்போது அந்தப் புலம்பலுக்குப் பாதி பதில் வந்துவிட்டது. ராமின் 'பறந்து போ' 2025 பிப்ரவரி வாக்கில் ரோட்டர்டாமில் திரையிடப்பட்டு ஜூலை 4ல் இங்கே வந்தது. வர்ஷா பரத்தின் 'பேட் கேர்ள்' அதே விழாவில் நெட்பேக் விருது வாங்கி, டீசருக்குக் கோர்ட் வரை இழுபட்டும், செப்டம்பர் 5ல் வந்துவிட்டது. எல்லாம் அப்படி இல்லை. அதே ராமின் 'ஏழு கடல் ஏழு மலை' 2024 ஜனவரியிலேயே ரோட்டர்டாம் போன படம். பின்னால் வந்த தம்பி 'பறந்து போ' அதை முந்திக்கொண்டு தியேட்டருக்கு வந்துவிட்டான், ரேஷன் க்யூவில் நடக்கிற மாதிரி. ஆனால் மொத்தத்தில் வருஷக்கணக்கு மாதக்கணக்காகியிருக்கிறது. இனி தியேட்டர்காரரையும் சென்சாரையும் மட்டும் திட்டிவிட்டுப் படுக்க முடியாது.

தியேட்டர்காரர்களிடமும் எனக்குச் சண்டை இருக்கிறது. பத்துத் தியேட்டரில் காலை 11 மணிக்குப் போடுவதற்குப் பதில் ரெண்டே தியேட்டரில் சாயங்காலம் ஒரே ஒரு காட்சி, ரெண்டு வாரம் போடலாம். வாய் வழியாகச் சேதி பரவ அவகாசம் வேண்டாமா? 'காக்கா முட்டை' டொராண்டோ போய் ஒன்பது மாதம் கழித்து 2015 ஜூனில் வந்தபோது யாரும் அதை விழாப் படம் என்று சொல்லிப் பயமுறுத்தவில்லை. பீட்சா திங்க ஆசைப்படுகிற ரெண்டு பசங்க கதை என்றார்கள், குடும்பம் குடும்பமாக வந்தார்கள். போஸ்டரில் இலை இலையாக விருது முத்திரைகளை ஒட்டுவது நமக்கு வேண்டுமானால் பெருமை. எங்கப்பா மாதிரி ஆட்களுக்கு அது 'உள்ளே வராதே, தூங்கிடுவே' என்று எழுதிய போர்டு. சூரி முகத்தைப் போட்டு ஆக்‌ஷன் படம் மாதிரி விற்பதும் வேண்டாம் (நான் செய்ததும் அதேதான், ஒத்துக்கறேன்).

ஒரு விஷயம் பாக்கி. படம் பிரைமில் வந்த வாரம் மச்சினன் போன் பண்ணினான். அந்த அக்கா ஊருக்கு வந்திருக்கிறாளாம், பிள்ளையோடு. "போன்ல இருக்கு மாமா. காட்டவா?"

நான் ரொம்ப நேரம் பேசவில்லை. லைன் கட்டாயிருச்சோ என்று அவன் ரெண்டு தடவை 'மாமா, மாமா' என்றான். "முதல்ல நீ போய் அதுகூட ரெண்டு வார்த்தை பேசு மாப்ள. படம் எங்கே போகப் போகுது" என்றேன். பேசினானா இல்லையா என்று இதுவரை நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

நோட்டில் இப்போது நாலாவது ஒரு காலம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறேன். 'கூட யாரு?' என்று தலைப்பு. முதல் பெயர் எழுதியாச்சு. அடுத்த படத்துக்கு எங்க ஆபீஸ் செக்யூரிட்டி அண்ணன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பாட்டு இருக்குமா என்று கேட்டார். இருக்கும் இருக்கும் என்று சொல்ல வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டு, "தெரியலைண்ணே, போய்ப் பார்ப்போம்" என்றேன்.